வத்துக்கால அமர்வு

மேலவை அமைக்க எங்களிடம் மேடு இல்லை.
நாட்டின் அதியுயர் புள்ளி
யசிந்தாவின் முழங்காலுக்கு வராது.
ஆகவே ஒரே அவை, கீழவை.
அரசியலமைப்பின் இரண்டாம் வரி அதுதான்,
சி.ஆர். கொப்பியில், பச்சை மையில்.

பண்ணைப் பாலத்துக்கு மேற்கே
வத்துக்கு மட்டும் முதுகு காட்டும் திட்டு.
நீளம் எழுபத்திரண்டு எட்டு.
அகலம், எண்ணத் தொடங்கும் நேரத்தைப் பொறுத்தது.
நாடு என்று நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு முன்னால்
தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்
இன்னொரு சொல் உண்டு.
அதைச் செருப்போடு சேர்த்து
வள்ளத்திலேயே விட்டுவிட்டு இறங்குவோம்.

ஆசனங்கள் ஆறு, கவிழ்த்த பெயின்ற் வாளிகள்.
சபாநாயகர் யசிந்தா,
நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிறவள்,
கையில் சைக்கிள் பெல்.
ஆளுங்கட்சி: மீற்றர் வாசிக்கிற அருள்நேசன்,
அவன் மச்சான் டிலக்சன்,
பிரதாபன் (வரவில்லை).
எதிர்க்கட்சி: பல்லுக் கட்டுகிற சவிரிராசா,
தேவமலர் ரீச்சர்.
நான் எழுதுவினைஞர்.
எனக்கு வாக்கில்லை, குடை உண்டு.

பங்குனி அமர்வில் ஒரு படகு வந்தது.
சீருடைக்காரன் இறங்காமலே கேட்டான்:
"இது என்ன மீற்றிங்?"
"கீழவை, சேர்."
"கீழ... என்ன?"
"மேல ஒண்டும் இல்லை சேர், கீழ மட்டுந்தான்."
அவன் சிரிக்கவில்லை.
ஆறு ஆசனங்களையும் எண்ணினான், ஐந்து பேரை எண்ணினான்,
என்னைச் சேர்ப்பதா என்று யோசித்துச் சேர்த்தான்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், நேரம்,
எல்லாம் அவனுடைய எழுத்தில், அவனுடைய பதிவேட்டில்.
படகு போன பிறகு தேவமலர் எழுந்தா:
அயல்நாடு ஒன்று எங்களை எழுத்தில் பதிந்திருக்கிறது,
இந்த அவை அதனை வரவேற்கிறது.
நாலு வருடத்தில்
ஏகமனதாக நிறைவேறிய ஒரே பிரேரணை.

இன்று வராதோர் ஆசனச் சட்டமூலம், மூன்றாம் வாசிப்பு.
பிரதாபன் ருமேனியாவில் சுவர் கட்டுகிறான்.
ஒன்பது மாதமாக அவனுடைய வாளியில்
கடற்காகம்தான் இருந்துவிட்டுப் போகிறது.
ஆசனம் வெறிது என்று பிரகடனம் செய்யவேண்டும்,
எதிர்க்கட்சி கேட்டது.
அப்படிச் செய்தால் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இல்லை,
அருள்நேசன் சொல்லவில்லை, விரல்களில் எண்ணினான்.
டிலக்சன் நீண்ட நேரம் பேசினான்.
இல்லாதவன் இல்லாமல் போனவன் அல்ல என்றான்.
சம்பளம் அனுப்புகிறவனுக்கு
உட்காரும் இடம் ஒன்று இருக்கவேண்டும் என்றான்.
அவன் சட்டைப்பையில்
புதிதாக எடுத்த பாஸ்போட் படங்கள்
நாலும் வெளியே தெரிந்தன.
ஒழுங்குப் பிரச்சினை ஒருவரும் எழுப்பவில்லை.

ஆதரவு இரண்டு. எதிர்ப்பு இரண்டு.

அதற்குள் பெருக்குத் தொடங்கிவிட்டது.
தென்மூலை எல்லை போனது,
பிறகு வரவுசெலவுத் திட்டம் நனைந்தது.
தீர்க்கும் வாக்கு சபாநாயகருடையது.
யசிந்தா சேலையைச் செருகிக்கொண்டு
வாளியின் மேல் ஏறி நின்றாள்.
அந்தக் கொஞ்ச நேரம்
எங்களுக்கு ஒரு மேலவை இருந்தது.
நகரத்துப் பக்கம் பார்த்தாள்,
கோட்டை மதிலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
வாய் திறந்தாள்.

ஆறாவது வாளி மிதந்தது.
கவிழ்ந்தபடியே, உள்ளே காற்றோடு,
மண்டைதீவுப் பக்கமாக, அவசரமில்லாமல்.
"பெரும்பான்மை போகுது, பிடியுங்கோ!"
சவிரிராசாதான் கத்தினார், எதிர்க்கட்சி.
டிலக்சன் இடுப்பளவில் இறங்கி ஓடினான்,
படங்களை மட்டும் தலைக்குமேல் பிடித்தபடி.

வாக்கெடுப்பு: சமன்.
சபாநாயகர்:
இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.
இதற்குப் பக்கத்தில் என்ன போடுவது என்று கேட்டேன்.
எல்லோரும் வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.