தெரிவான வீடுகள்

குருமண்வெளியில் பாதையேறி
மண்டூர்த் துறையில் இறங்கினேன்.
பையில் நாற்பது வீடுகளின் முகவரி.
கொழும்பில் ஒரு கணினி
கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை.
கொடுத்த காசும் கொடுக்கவேண்டிய காசும் ஒன்றுதானா என்று
வாசல் வாசலாய்ப் பார்க்கவேண்டும்.
இல்லையென்றால் மூன்று பெட்டி:
மோசடி, பெறுநர் பிழை, அலுவலகப் பிழை.
முதலாவதையும் இரண்டாவதையும் பிரிப்பது
ஒரு மனதின் உள்ளே நடந்தது.
அதை எழுத விட்டிருக்கும் இடம்
என் சுண்டுவிரல் நகத்தளவு.

ஏழாம் வீடு, பேரின்பம்.
மோட்டார் சைக்கிள் இல்லையென்று ஒப்பமிட்டவர்.
அது மாமரத்தின் கீழ் நின்றது.
'மருமகன்ட' என்றார்.
மருமகன் எங்கே?
'கட்டார் போய் ரெண்டு வருசம்.'
அப்போ யார் ஓடுறது?
அவர் டயரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
சேறு காயவில்லை.
இருவருக்கும் சிரிப்பு வந்தது,
எனக்குக் கொஞ்சம் பிந்தி.
மோசடி.

இருபத்துமூன்றாம் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள்.
பதிவில் ஒன்று.
ஒரே பிறந்த திகதி இரண்டு தரம் வந்ததால்
யாரோ ஒன்றை வெட்டியிருக்கிறார்கள்.
குறைத்துக் கொடுத்ததும் பிழைதான்;
ஆனால் அதற்குக் கடிதம் அடிக்க
எங்களிடம் மாதிரிப் படிவம் இல்லை.

முப்பத்தோராம் வீடு, தவமலர்.
முப்பத்தெட்டு யூனிட் என்று சொல்லியிருந்தா.
பில்லில் தொண்ணூற்றொன்று.
ஒரு பல்ப், ஒரு பழைய ஃபான், அரிசிப் பானை விறகில்.
இந்த வீடு எப்படித் தொண்ணூற்றொன்று குடிக்கும்?
அவ பேசவில்லை.
நான் வெளியில் வந்து அண்ணாந்தேன்.
கிளுவை வேலிக்கு மேலால்
சிவப்பு வயர் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

வயரின் மற்ற நுனியில் சின்னத்தங்கம்.
தையல் மெசினும் ஒரு குழல் விளக்கும்.
இரண்டு தரம் மனுப் போட்டவ.
அடையாள அட்டையில் சின்னத்தங்கம்,
பிறப்புப் பத்திரத்தில் தங்கரெத்தினம்;
இரண்டு பேருக்கும் இல்லையென்று பதில்.
'என்ட வீடு உங்கட லிஸ்டில இல்லையாகா?'
இல்லை.
'ஏன்?'
காசு எடுக்கிறவர்களிடம்தான்
நாங்கள் பிழை தேடுகிறோம்.
'அப்ப என்னில பிழையில்ல'
என்றுவிட்டு நூலைக் கடித்தா.

தவமலருக்குப் பெறுநர் பிழை போட்டேன்.
ஓரத்தில் பென்சிலால் 'வயர்' என்று எழுதி
மின்சார சபையை நினைத்து
அழிறப்பரால் தேய்த்தேன்.
தாள் கொஞ்சம் மெலிந்தது.

நாற்பதும் முடிந்தது.
மோசடி இரண்டரை வீதம்.
பெறுநர் பிழை ஏழரை, அலுவலகப் பிழை ஐந்து.
தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வேண்டுமாம்;
பூச்சியங்கள் போட்டுக் கொடுத்தேன்.
தங்கரெத்தினம், சின்னத்தங்கம் இருவரும்
பூச்சியத்திலும் இல்லை.

திரும்பும் பாதையில் இருட்டிவிட்டது.
வாவி எண்ணெய் போலக் கிடந்தது.
பயணப்படிப் படிவத்தைத் தொடையில் வைத்து நிரப்பினேன்.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றினால்
இருபத்தாறு கிலோமீற்றர்.
இருபத்தாறு என்றே எழுதினேன்.
எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்,
பாதைக்காரன் ரிக்கற் தருவதில்லை,
மகளுக்குச் சப்பாத்து எடுக்கவேண்டும்.

அடுத்த மாதம் காசு வந்தது.
கணக்காய்வுக்குத் தெரிவான கோப்புகளில்
என்னுடையது விழவில்லை.