விண்ணப்பம், இரண்டாம் முறை

விசுவமடுச் சந்தி, போட்டோக்கொப்பிக் கடை.
ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் சொல்கிறாள் தர்மினி.
பக்கத்துக்கு இருபது ரூபா எடுப்பாள்.
குரலைத் தாழ்த்திச் சொல்வதற்கு
ஒன்றும் எடுப்பதில்லை.

மாத வருமானம் எவ்வளவு?
எந்த மாதத்து வருமானம், பிள்ளை?
மாசியில் வெட்டு மிசின் ஓடினால்
இவருடைய சட்டைப்பை கிழியும்.
கார்த்திகையில் மழையும் நாங்களும் கடன் கொப்பியும்.
"சராசரி போடுவம் அக்கா."
சராசரி என்றொரு மாதத்தில்
நாங்கள் ஒருநாளும் உலை வைத்ததில்லை.

உங்களில் தங்கியிருப்போர்?
மாமி. செத்துப்போன மச்சானின் பெடியன்,
உயர்தரம் படிக்கிறான்.
பிள்ளைகள் என்ற பெட்டிக்குள்
தர்மினி பூச்சியம் போடவில்லை,
சின்னக் கோடு ஒன்று இழுத்தாள்.

போன வருசமும் போட்டோம்.
ஒஸ்லோவில் இருக்கும் இதே சங்கத்துக்கு,
மாமியின் தங்கச்சி மகள் அங்கே பொருளாளர் என்ற துணிவில்.
பதில் மரியாதையாய் வந்தது:
மருத்துவ ஒதுக்கீடு முடிந்துவிட்டது,
வாழ்வாதாரத்தில் மிச்சம் இருக்கிறது.
பட்டா வாகனத்தில் இருபது கோழிகள் வந்திறங்கின.
பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
படத்தில் நான் சிரிக்கிறேன்.
கையில் இருந்த கோழி கமராவைப் பார்க்கவில்லை.

முட்டை ஒன்று நாற்பத்தைந்து.
தீன் மூட்டையில் கரியால் கணக்குப் போட்டார் இவர்:
பன்னிரண்டு லட்சத்துக்கு
இருபத்தாறாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு முட்டை.
தீன் செலவு சேர்க்காமல்,
கீரி பிடிப்பதைச் சேர்க்காமல்
நாலரை வருசம்.
யாழ்ப்பாணத்து டொக்டர் ஸ்கானைப் பார்த்துக்கொண்டே சொன்னது
இரண்டு வருசம்.
என்னிலும் எண்ணினார்:
இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று.

இந்த முறை அறிக்கையும் இணைக்க வேண்டுமாம்,
விதானையார் பார்த்து, ஒப்பமிட்டு, முத்திரை குத்தி.

ஊருக்குத் தெரிந்த காரணம் என் வயிற்றில் இருக்கிறது.
தொப்புளுக்குக் கீழே, கச்சான் பருப்பளவு இரும்பு.
மாத்தளனில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.
"அதுதான், பாவம்" என்பார்கள்
கோயிலில், சங்கக் கடையில்.
பன்னிரண்டு வருசமாய் நானும் தலையாட்டினேன்.
அந்த இரும்பு யாரையும் மறிக்கவில்லை என்று
டொக்டர் சொன்ன நாளில்
இரண்டாவது பேப்பரை மடித்து
அரிசி வாளிக்கு அடியில் வைத்தேன்.
அதில் இருந்தது இவருடைய பெயர்.

விதானையார் இவரோடு ஒரே வகுப்பு.
பின்னேரங்களில் ஒரே பக்கம் நின்று கரப்பந்து அடிக்கிறவர்கள்.
நான் கொண்டு போறன் என்றேன்.
அடுத்த நாள் விடிய
அரிசி வாளி நகர்ந்திருந்தது.
சைக்கிளைக் காணவில்லை.

பத்து மணிக்கு வந்தார்.
அறிக்கை மேலே, மற்றதெல்லாம் கீழே.
நீல முத்திரை கொஞ்சம் கலங்கியிருந்தது.
என்ன கேட்டவர்?
"ஒண்டும் கேக்கேல்ல. பிளேன்ரீ தந்தவன்."
பிறகு தொட்டியில் தண்ணீர் அள்ளி
முகம் கழுவினார், கன நேரம்.
பின்னேரம் பந்தடிக்கப் போனார்.
போகாமல் விடுவார் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி பதினெட்டு.
இந்த உதவி உங்களுக்கு ஏன் வேண்டும்?
நூற்றைம்பது சொற்களுக்கு மேற்படாமல்.
"காயத்தை எழுதுவம் அக்கா,
காயம் எண்டால் கெதியாய்ப் பார்ப்பினம்."
பொய்யில்லை, இரும்பு இருக்கிறதுதான்.
எங்களுக்கு ஒரு பிள்ளை வேணும், அதை எழுது என்றேன்.
விரல் மடித்து எண்ணினாள். நான்கு சொல்.
ஆங்கிலத்திலும் நான்குதானாம்.
மிச்சம் நூற்று நாற்பத்தாறை
அப்படியே விடச் சொன்னேன்.

அதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி:
இது கிடைக்காவிட்டால் வேறு உதவி ஏற்பீர்களா?
இல்லை என்றேன், கொஞ்சம் உரத்து.
"ஓம் எண்டு போடுங்கோ அக்கா,
இந்த முறை ஆடு குடுக்கினமாம்."

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான்
முதலில் சிரித்தார்.