தெற்கு வாயில் கணக்கு

தவக்காலத்தின் மூன்றாம் சனி.
வேஸர் ஆற்றில் பனிப்பாளங்கள் முட்டிக்கொண்டிருந்தன.
ஹெல்மர்வெர்டர் நகரின் தெற்கு வாயிலில்
நான் எழுதியது:
உப்பு, ஏழு வண்டி.
உப்புமீன், இரண்டு பீப்பாய்.
ஆயர், ஒருவர். இறந்தவர்.

ஓர்ட்வின், ஷ்டைன்பெக் பிரபுவுக்கு நான்காம் பிள்ளை.
மூத்தவனுக்கு நிலம், அடுத்தவனுக்குக் குதிரை,
மூன்றாமவனை அம்மை கொண்டுபோனது.
இவருக்கு மிஞ்சியது இலத்தீன்.
பத்து வயதில் உச்சி மழித்தார்கள்.
பொலோஞாவில் சட்டம் படித்தார்,
ஒரு வழக்குக்கு இரண்டு நியாயம் சொல்லும் அளவுக்கு.

பேராலயக் குருக்கள் பதின்மூவர் கூடிய அன்று
ஆறு பேர் இவருக்கு, ஆறு பேர் கெர்லாக்குக்கு.
ஒருவர் தூங்கிவிட்டார்.
விழித்தவர் முனகியது யார் பெயரை?
ரோமில் நாலு வருடம் நடந்தது அந்த வழக்கு.
வென்றதற்கு விலை ஆயிரத்து எண்ணூறு குல்டன்.
கையில் இருந்தது முப்பது.

அடகில் போனது முதலில் ஆலை,
பிறகு மீன்குளம், பிறகு காடு, காட்டோடு தேன்.
கடைசியில் இந்த வாயிலின் சுங்கம்,
அதுவும் எங்கள் நகரசபையிடமே.
பத்திரத்தின் மெழுகில் இன்னும் அமர்ந்திருக்கிறார்
பெருவிரல் அளவில், கோலும் கையுமாய்.

அவர் பட்டமேற்று வந்த நாளில் நான் வேலைக்குப் புதியவன்.
வெள்ளைக் குதிரை, பின்னால் நாற்பது பேர்.
"திற, சத்தியம் செய்கிறேன்" என்றார்.
"சத்தியம் செய்யுங்கள், திறக்கிறோம்" என்றார் நகரத் தலைவர்.
மழை பிடித்துக்கொண்டது.
இருட்டும்வரை இதையே
இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.
பிறகு குதிரை திரும்பியது.
அது ஆயிற்று இருபத்திரண்டு வருடம்.

மந்தை மதிலுக்குள். ஆயர் ஆற்றுக்கு அப்பால், குன்றுக் கோட்டையில்.
ஒரு கோடையில் எங்கள் மாடுகள் தொண்ணூற்றை ஓட்டிப்போனார்.
அந்த ஒரு நாள் பெயர் பொருந்தியது.

கொள்ளைநோய் வருடம் படகில் தானியம் வந்தது,
பத்து மூட்டை, அனுப்பியவர் பெயரில்லை.
அவர்தான் என்று அழுதார்கள் சிலர்.
நான் மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன்.
எங்கள் ஆலையின் குறி.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு கடிதம் மட்டும் வரும்:
உங்கள் பெரிய மணியில் கீறல் விழுந்திருக்கிறது,
ஓசை கம்முகிறது, உருக்கி வாருங்கள்.
சபை அதைச் சிரித்தபடி மடித்து வைக்கும்.
அடியில் வாழ்கிறவர்கள் நாங்கள்.
எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது சவப்பெட்டி வாயிலில் நிற்கிறது.
செத்தவர் எப்படிச் சத்தியம் செய்வார்?
செய்யாதவருக்கு எப்படித் திறப்பது?
வழக்கறிஞர் இருவர் மதியம் வரை மூச்சுவிடாமல் பேசினார்கள்.
அவர் உள்ளே படுத்துக் கேட்டிருந்தால்
மூன்றாவது நியாயமும் சொல்லியிருப்பார்.
கடைசியில், ஆள் என்றால்தானே சத்தியம்,
சரக்கு என்று எழுது என்றார்கள்.

எழுதினேன். சக்கரத்துக்கு அரை ஃபென்னிக்,
நாலு சக்கரத்துக்கு இரண்டு.
கூட வந்த குருவிடம் சில்லறை இல்லை.
பற்று வைத்துக்கொள் என்றார்.

கதவு திறந்தது. பெரிய மணி அடித்தார்கள்.
பேனாவைக் கீழே வைத்தேன்.
கம்மல்தான். சந்தேகமே இல்லை.

பின்னால் நின்ற வெங்காய வண்டிக்காரன்
இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்தினான்.