பதினாறு நியூட்டன் மீட்டர்

கப்பலூர் சிட்கோவில், ரப்பர் கம்பெனிக்கும்
அட்டைப்பெட்டிக் குடோனுக்கும் நடுவே
எங்கள் டிரேட் டெஸ்ட் சென்டர்.
வளைகுடா போகிறவன் கையை
இங்கேதான் முதலில் எடை போடுவோம்.
நான் படிவம் நிரப்புகிறவள்.
பெயர், தகப்பன் பெயர், பாஸ்போர்ட், ரத்த வகை.
தேறினால் நீல மை. தோற்றால் சிவப்பு.

பதினோரு வருஷமாக வந்ததெல்லாம் ஒரே ஆர்டர்:
வெல்டர், சிக்ஸ்-ஜி.
நாற்பத்தைந்து டிகிரியில் சாய்ந்து நிற்கும் குழாய்.
படுத்து, ஒருக்களித்து, எக்கி
சுற்றிலும் தைத்து முடிக்க வேண்டும்.
எக்ஸ்ரேயில் கடுகளவு கறுப்புத் தெரிந்தாலும்
அடுத்த ஆள்.

இந்தச் சித்திரையில் வந்த தாள் வேறு.
சோலார் மாட்யூல் பொருத்துநர்: முந்நூற்றுப் பத்து.
வெல்டர்: பூஜ்யம்.
பூஜ்யத்தை எதற்கு டைப் அடித்தார்கள்?
அந்த வரியையே விட்டிருக்கலாம்.

மொக்கராசு வந்தார், செல்லம்பட்டிப் பக்கம்.
ருவைஸில் ஒன்பது வருஷம், ஜுபைலில் ஆறு.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
எள் இறைத்த மாதிரி தீப்பொறித் தழும்பு.
டார்க் ரெஞ்சை வாங்கி
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
பதினாறு நியூட்டன் மீட்டர்.
கிளிக் என்றதும் நிறுத்த வேண்டும்,
அவ்வளவுதான் பரீட்சை.

கிளிக் என்றது.
அவர் நிறுத்தவில்லை.
இன்னும் ஒரு கால் சுற்று.
கண்ணாடியின் மூலையில் புறப்பட்ட கோடு
நடுவரைக்கும் ஓடிக் கிளை பிரிந்தது.

"இதுல என்னண்ணே கசியப் போகுது?"
டெஸ்ட் எடுக்கிற பையன் கேட்டான்.
"ஒண்ணும் கசியாதுப்பா. தெரியும்.
கைக்குத் தெரியல."

நான் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி
மறுபடி மூடினேன்.

நஜ்முதீன் பாய் டீ சொன்னார்.
"எண்ணெய விட்டுட்டாய்ங்கன்னு நெனைக்காதீக.
வீட்டு ஏசிக்கு வெயிலு, விக்கிறதுக்கு எண்ணெய்.
அங்க மிச்சமாகுற பீப்பா
கப்பலேறி இங்கதான வருது?"
மொக்கராசு கிளாசைக் கீழே வைத்தார்.
"அப்ப பங்க்குல வெல மட்டும் ஏன் பாய் எறங்க மாட்டேங்குது?"
பாய் சிரித்து, டோல்கேட் பக்கம் கையைக் காட்டினார்,
பதில் அங்கே வரிசையில் நிற்பது போல.

பழைய சம்பளம் இரண்டாயிரத்து எண்ணூறு திர்ஹம்.
இது ஆயிரத்து இருநூறு.
இரண்டுக்கும் படிவத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டம்.
"ஹைட்ரஜன் குழா போடப் போறாய்ங்க.
அது ஊசி முனையிலயும் ஓடிப்போயிரும்,
ஒங்க கைதான் வேணும்னு தேடி வருவாய்ங்க.
ரெண்டு வருஷம் பொறுங்க."
அவருக்கு நாற்பத்தாறு.
வயது வரம்பு நாற்பத்தேழு.
யாரும் அதைச் சத்தமாகக் கழித்துப் பார்க்கவில்லை.
கூட்டுறவு பேங்கில் இருக்கும் நகைக்கு
ஆடி வரைதான் கெடு.

வெளியே நூற்று நாலு டிகிரி.
இதே வெயில்தான்.
இங்கே சும்மா கிடந்து காய்கிறது,
அங்கே அதற்கு விசா அடிக்கிறார்கள்.

மதியம் மூன்று மணிக்கு மறுபடி கேட்டார்.
உடைந்த பலகைக்குக் காசு தருகிறேன் என்றார்,
பாய் காதில் வாங்காதவர் போல இருந்தார்.
பன்னிரண்டு போல்ட்.
ஒவ்வொரு கிளிக்குக்கும்
கயிறு சுண்டிய மாடு மாதிரி
கை நின்றது, நிற்கும்போது நடுங்கியது.
நீல மையில் எழுதினேன்.
'பிற திறன்கள்' கட்டம் ஒரு அங்குலம்கூட இல்லை,
பதினைந்து வருஷத்தைச் சுருக்கி
'வெல்டிங்' என்று போட்டேன்.

ஆறரைக்கு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால்
வாசல் கேட் வழக்கம்போல் ஆடவில்லை.
கீல் போல்ட்டை யாரோ இறுக்கியிருந்தார்கள்,
கேட்க வேண்டிய கிளிக்கெல்லாம் தாண்டி.

திருமங்கலம் பங்க்கில் இருநூறு ரூபாய்க்குப் போட்டேன்.
முள் கொஞ்சம் நகர்ந்தது போலத்தான் இருந்தது.