பித்தளை

ரான்,
உன்னிடம் ஒரு கணக்குப் பேச வேண்டும்.
உன் வீட்டுக்காரர் ஆகிர் மது காய்ச்சுகிற நேரம்,
கொப்பரை கொதிக்கிற சத்தம் இந்தப் பாறைவரை கேட்கிறது.
அவர் காதில் எதுவும் விழாது.
பெண்களை மட்டும் அப்பால் அனுப்பிவிடு.
ஒன்பது பேருக்கும் வாய் நிற்காது,
நான் சொல்வதைக் கரை கரையாய்க் கொண்டுபோய் உடைப்பார்கள்.

நான் தோர்கட்லா.
மேற்குக் குடாவில், புல்கூரை வேய்ந்த கடைசி வீடு.
பதினோரு நாளைக்கு முன்
ஆறு துடுப்புப் படகொன்று உன் வலையில் விழுந்ததே,
அதில் பின்னணியத்தில் இருந்தவன்,
இடது காதுமடல் பனியில் கருகியவன்,
ஹாவர்த்.
என் புருஷன்.

அவன் விரலில் ஒரு மோதிரம் பார்த்திருப்பாய்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், உனக்காக வந்த வழக்கம்தானே:
கடலுக்குப் போகிறவன் உடம்பில்
மீன்கண் அளவாவது பொன் இருக்க வேண்டும்.
வெறுங்கையோடு வந்தவனுக்கு
உன் கூடத்தில் உட்காரப் பலகை கிடையாது.
பொன்னோடு வந்தவனுக்கோ சோறுண்டு, நெருப்புண்டு,
தன் கருமாதி விருந்துக்கு ஒரு ராத்திரி
வீட்டுக்குப் போய்வர அனுமதியும் உண்டு.

அது பொன் இல்லை, ரான்.

போன பனிக்காலம் முடிகிற சமயம்
வைக்கோல் தீர்ந்து
ஆடுகளுக்குக் கடற்பாசியைப் போட்டோம்.
பிறகு ஆடுகளும் தீர்ந்தன.
சின்னவள் பாலுக்கு அழுவதை நிறுத்திவிட்டாள்.
அழுததைவிட அது பயமாக இருந்தது.
காற்றுக்கு ஒதுங்கியிருந்தான் ஒரு நார்வேக் கப்பல்காரன்.
ஹாவர்த் தூங்கும்போது
விரலில் மீனெண்ணெய் தடவிக் கழற்றினேன்.
அதே கனம், அதே முறுக்குவேலை,
பித்தளையில் ஒன்று அவனிடம் இருந்தது.
பொன்னுக்கு ஒரு பசு தந்தான்.
ஒற்றைக் கொம்பு.
சின்னவள் இப்போது ஓடுகிறாள்.

ஹாவர்த்துக்குத் தெரியாது.
தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.
கோடையில் ஒருநாள்
விரலைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தது.
"உப்புத் தண்ணீர்" என்றான்,
என்னைப் பார்க்காமல்.
மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு போனான்.

நீ கடித்துப் பார்த்தாயா?

ஒன்பது பெற்றவள் நீ.
உன் கோல்கா ஒரு ராத்திரி அழாமல் கிடந்திருந்தால்
ஆகிரின் கையிலிருந்து எதை உருவியிருப்பாய்?
பதில் வேண்டாம்.
ஏமாற்றியது நான், கடன் என் பேரில் இருக்கட்டும்.
எனக்கும் ஒருநாள் படகேற வேண்டிவரும்,
அன்றைக்கு வசூல் பண்ணிக்கொள்.
அவனை வாசலில் நிறுத்தாதே.

நாளை விருந்து.
மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் என் கூடத்துக்கு வருகிறார்கள்.
அவரவர் ஆள் நனைந்த துணியோடு வந்து
நெருப்பருகே உட்கார்ந்துவிட்டால்
மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள்,
நல்ல இடம்தான் கிடைத்திருக்கிறது என்று.
என் பக்கத்துப் பலகை மட்டும் காய்ந்து கிடந்தால்
ஐந்து பேரும் மெதுவாகத் திரும்பி
என் கழுத்தைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள்,
கொட்டிலில் பசு அசைபோடுகிற சத்தத்தைக் கேட்பார்கள்.

பால் கொண்டுவந்திருக்கிறேன். அதன் பால்தான்.
இதோ, ஊற்றுகிறேன்.
நுரையோடு நுரையாகப் போய்விட்டது,
நீ குடித்தாயா என்று எப்படித் தெரியும்?

உன் பெண்களில் ஒருத்தி,
எவளென்று இருட்டில் தெரியவில்லை,
முழங்கால்வரை ஏறிவந்து
கையிலிருந்த கிண்ணத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறாள்.

அது இரவல் கிண்ணம், ரான்.
ஹாவர்த்திடம் கொடுத்தனுப்பு.