மேற்படி

ஒரு வரிக்கு ஒன்றேகால் ரூபாய்.
பழைய மெட்ராசின் இறப்புப் பதிவேடுகளைக்
கணினியில் ஏற்றும் ஒப்பந்த வேலை.
ராயபுரத்தில் ஒரு மாடி அறை.
மின்விசிறி போட்டால் தாள் நொறுங்கும் என்பதால்
வியர்த்தபடி
நானும் ஜெபராணியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு.
ஆகஸ்ட் வரை சாவு நிதானமாகத்தான் நடந்திருக்கிறது.
பேதி. பிரசவம். மூப்பு.
சூளையில் கிணற்றில் விழுந்தவன் ஒருவன்.
ஆளுக்கொரு காரணம் இருந்தது.
எழுதிய குமாஸ்தாவுக்கு நல்ல கையெழுத்து,
ழகரத்தின் வாலைக் கீழே இறக்கி
அடுத்த வரிக்காரரின் பெயர்மேல்
குடைபோல் வளைத்துவிடுவார்.

செப்டம்பர் கடைசியில் துறைமுகக் கூலி ஒருவன்.
வயது இருபத்தாறு. காரணம்: விஷக் காய்ச்சல்.
அவனுக்குக் கீழே அதே வீதி, வேறு வீடு.
அதற்கும் கீழே அதே வீடு.
அக்டோபர் ஐந்துக்குப் பிறகு
காய்ச்சல் என்று முழுதாய் எழுத
அவருக்கு நேரமில்லை.
௸ என்று போட ஆரம்பித்தார்.

மேற்படி.
பத்திரங்களில் வருமே, அந்தக் குறி.
மேற்படி கிராமம், மேற்படி வாய்க்கால், மேற்படி நபர்.
இங்கே
பெரம்பூர் மில்லில் நூல் நூற்பவன் ௸
அவன் மனைவி ௸
பெயரிடாத பெண் சிசு, இரண்டு நாள் ௸

மென்பொருளுக்கு இந்தக் குறி தெரியாது,
அடித்தால் வெறும் கட்டம் விழுகிறது.
கட்டம் கட்டமாய்க் காய்ச்சல் என்று நிரப்பினேன்.
ஒருமுறை அடித்தால் போதும்,
மீதி எல்லாம் காப்பி, பேஸ்ட்.
மாதம் எட்டாயிரம் தாண்டாதவள்
அந்த அக்டோபரை ஏற்றிய மாதம்
பதினாலாயிரத்துக்கு பில் போட்டேன்.
பிரிட்ஜுக்கு முன்பணம் கட்டினேன்.
நடுராத்திரியில் அது உறுமி அடங்கும்போது
சில நாள்
எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பதினேழாம் தேதி கையெழுத்து மாறியது.
கோணல். மை கொட்டல்.
ழகரத்துக்கு வாலே இல்லை.
பழையவரைத் தேடிப் போனேன்.
இருபத்திரண்டில் ஒரு வரி:
ஆண், முப்பத்தொன்று, வண்ணாரப்பேட்டை,
தொழில் குமாஸ்தா, பெயர் எத்திராஜுலு, ௸.
அவராக இருக்கலாம்.
அந்த மாதம் இந்த ஊரில்
குமாஸ்தாக்களுக்கா பஞ்சம்?
"யாரா இருந்தா என்னடி,
ரேட்டு ஒண்ணுதான்" என்றாள் ஜெபராணி.
உண்மைதான். அதற்கும் வாங்கிக்கொண்டேன்.

பத்தொன்பதின் பிறப்புப் பதிவேடு
கையில் எடுத்தால் கனமே இல்லை.
பிறந்திருக்க வேண்டியவர்களுக்கு
வரி எண் கிடையாது, காரணம் கிடையாது,
எனக்கு ஒன்றேகால் ரூபாயும் கிடையாது.

ஐம்பத்தேழில் கிழக்கேயிருந்து கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது.
இம்முறை ரப்பர் முத்திரை, ஊதா மையில்:
இன்புளுயன்சா.
அறுபத்தெட்டிலும் அதே முத்திரை;
ஓரம் தேய்ந்து
முதல் இரண்டு எழுத்து விழவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஒன்பதாம் வகுப்பு.
புளியந்தோப்பில் பள்ளிக்கு ஒரு வாரம் பூட்டு.
பன்னி ஜுரம் பன்னி ஜுரம் என்று கத்திக்கொண்டு
மொட்டை மாடியில் பட்டம் விட்டோம்.
திறந்தபோது மூன்றாவது பெஞ்சில்
முபீனாவின் ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது.
காம்பஸ் முனையில் அவள் குத்தி வைத்த அழிரப்பர்
ஆண்டுத் தேர்வு வரை அப்படியே இருந்தது.
அவள் வரியை யாரும் ஏற்ற வேண்டியதில்லை,
ஏற்கெனவே கணினியில்தான் இருக்கும்.
நான் தேடிப் பார்த்ததில்லை.

நேற்று ஒரு தாள்
கட்டிலிருந்து தனியாய்க் கழன்று வந்தது.
கோணல் கையெழுத்து.
பக்கத்தின் முதல் வரி:
பெயர், வயது, வீதி.
காரணம் ௸.

மேலே ஒன்றுமில்லை.
முந்தைய பக்கங்களைக் கரையான் தின்றிருக்கிறது.
எதற்கு மேற்படி, எவருக்கு மேற்படி?
"காய்ச்சல்னே போட்டுடு" என்றாள் ஜெபராணி,
தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் மேலே பார்த்தேன்.

போடாத மின்விசிறி,
அதன் மூன்று இறக்கையிலும்
இத்தனை வருடத் தூசி.