நான்கு வரிக்குள்

"பொதுநிதியில் உருவான கண்டுபிடிப்பை
உள்நாட்டு நிறுவனங்களுக்கே முதலில் தரலாமா?
ஆம் / இல்லை.
கருத்தை நான்கு வரிக்குள் எழுதவும்."

ஐயா,
வருஷமெல்லாம் வரி கட்டுகிறவளுக்கு
நான்கே வரிதானா?
மன்னிக்கவும், பின்பக்கமும் எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் என் பட்டறை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிந்த நாட்களில்
எளிதாக வரலாம்.
இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின்,
சம்பளம் கேட்கக் கூச்சப்படும் ஓர் அஸ்லம்.

உங்கள் ஆய்வகம் ஒரு கருவி செய்தது.
அதன் பெயர் ஒன்றரை வரி நீளம்;
நாங்கள் மூக்கு என்போம்.
காற்றில் அம்மோனியா கலந்தால்
நாம் இருமுவதற்கு முன்பே சிவப்பாகச் சிமிட்டும்.
அதற்குக் கூடு செய்தது நான்.

முதல் கூட்டை எண்ணூர் உப்புக்காற்று
நாற்பது நாளில் தின்றது.
இரண்டாவதின் துவாரத்தில் சாம்பல் அடைத்தது.
மூன்றாவதற்கு 316 கிரேடு எவர்சில்வர்,
சேட்டுக் கடையில் என் கம்மல்.
பில் அனுப்பி ஏழு மாதம்.
பணம் வரவில்லை. ஆனால் அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை
அடுத்த இருபதாம் தேதியே கட்டிவிட்டேன்.
அதுவும் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்குத்தான் போயிருக்கும்.

நெட்டுக்குப்பத்து விளக்குக் கம்பத்தில்
பதினோரு மாதம் தொங்கியது மூக்கு.
கீழே உட்கார்ந்து வலை பொத்துகிற எல்லப்பனை
ஆய்வகத்துப் பெண் மூன்று வேளையும் போனில் கேட்பாள்:
"இப்ப நாத்தம் அடிக்குதாண்ணே?"
அவர் சொன்னதை வைத்து
மூக்கைத் திருத்துவாள்.
அவருக்குச் சம்பளம் கிடையாது.
பீடி வாங்கும்போதெல்லாம் அவரும்
இந்த ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தவர்.

இப்போது டென்மார்க்கிலிருந்து கேட்கிறார்களாம்.
கொடுத்தால்
நம் மூக்கு கப்பல் ஏறிப் போய்,
வெள்ளைப் பெட்டியில், பதினாறு மடங்கு விலையில்
நம் துறைமுகத்திலேயே வந்து இறங்கும்.
கோபத்தில் "ஆம்" பக்கம் பேனாவைக் கொண்டுபோனேன்.

கை நின்றுவிட்டது.
உள்நாடு என்றால் யார் ஐயா?
கிண்டியின் கண்ணாடிக் கட்டடமும் உள்நாடு.
ராத்திரி இரண்டு மணிக்கு, ஊர் உறங்கும்போது
வால்வைத் திறக்கிற ஆலையும் உள்நாடுதான்.
மூக்கின் உரிமத்தை அது வாங்கி
அலமாரியில் வைத்துப் பூட்டினால்?
டென்மார்க்காரன் காசுக்காகவாவது
வெளியே எடுத்து விற்பான்.

பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே
எங்களுக்கு இந்தச் சொல்லில் எப்போதும் தடுமாற்றம்.
சாம்பலும் புகையும் முகவரி கேட்காமல் வந்துவிடும்;
லாபம் மட்டும்
சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போய்விடும்.

ஞாயிறன்று நெட்டுக்குப்பம் போனேன்.
திட்டம் முடிந்ததென்று உள்ளே இருந்ததையெல்லாம்
கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
கூடு அங்கேயே, ஒரு பொட்டுத் துரு இல்லாமல்.
பேட்டரி அறையைத் திறந்தேன்.
எல்லப்பனின் பீடிக்கட்டு, தீப்பெட்டி.
"எம்மாம் மழ பேஞ்சாலும் நனையாதும்மா,
ஷோக்கான பொட்டி" என்றார்.
அந்த மூக்கில்
மக்களுக்குப் பயன்பட்ட பாகம் அது ஒன்றுதான்.

ஆகவே, ஆம்.
ஆனால் முதல் மூக்கு அந்தக் கம்பத்துக்கே திரும்ப வேண்டும்.
அது சிமிட்டினால்
போனை எடுக்க ஓர் ஆள் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும்.
வாங்கியவன் ஒரு வருஷத்துக்குள் விற்காவிட்டால்
உரிமத்தைப் பிடுங்க வேண்டும்,
அவன் என் சொந்த அண்ணனாக இருந்தாலும்.
அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.
டென்மார்க் மூக்குக்கும் கூடு நான் செய்வேன்,
அங்கேயும் கடல் இருக்குமல்லவா, உப்பும்.

கட்டம் சின்னது,
டிக் வெளியே வந்துவிட்டது. பொறுத்தருள்க.

இப்படிக்கு,
ம. வடிவுடையாள்.

இணைப்பு: மூன்றாவது கூட்டின் பில், நகல்.
வரி செலுத்தப்பட்டது.